தெரிந்த பூமி, புதுப் பூமி: மழையோடு ஒரு சுற்று

மார்ச் 9, ஞாயிறு. லிஸ்பன்

மார்ச்சில் வந்தால் இளவெயில் அடிக்கும் என்று மச்சான் போனில் உறுதி சொல்லியிருந்தார். விமான நிலையக் கதவைத் தாண்டியபோது பிடித்த மழை, இதை எழுதும் இந்த ராத்திரி வரை விடவில்லை. "இந்த வருஷம்தான் இப்படி" என்கிறார். எல்லா ஊர்க்காரர்களும் எல்லா வருடமும் சொல்வதுதான்.

எனக்குப் பழைய வரைபடங்களில் பைத்தியம் உண்டு. உலகத்தை 'தெரிந்தது', 'புதிதாகக் கண்டது' என்று ஐரோப்பியர்கள் இரண்டாகப் பிரித்து எழுதினார்களே, அந்தக் கணக்கு எழுதப்பட்ட ஊர்களை ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும் என்பது நீண்டநாள் ஆசை. மச்சானுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவருக்கு லீவு இருந்தது, கூட வருகிறார், அவ்வளவுதான்.

15-ஆம் நம்பர் டிராம் பிடித்து பெலேம் போனோம். ஆற்றங்கரையில் 'கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்' நிற்கிறது. கப்பல் முகப்பு மாதிரி வெள்ளைக் கல், அதன்மேல் வரிசையாக மாலுமிகள், பாதிரிகள், வரைபடக்காரர்கள் என்று முப்பத்து மூன்று பேர், முன்னால், ஆப்பிரிக்கக் கரையோரம் கப்பல்களை அனுப்பிய போர்ச்சுகீசிய இளவரசர் ஹென்றி. பார்த்தால் ஐந்நூறு வருடப் பழமை தெரிகிறது, ஆனால் 1940-இல் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டி, ஹென்றி இறந்து 500 வருடம் ஆனதை ஒட்டி 1960-இல் கல்லில் திரும்ப எழுப்பியது. அதாவது ஆப்பிரிக்கக் காலனிகளை விடமாட்டேன் என்று சலாசாரின் சர்வாதிகாரம் அடம்பிடித்துக்கொண்டிருந்த காலத்துச் சரக்கு. எதிரே தரையில் ஐம்பது மீட்டர் அகலத்துக்குப் பளிங்கில் ஒரு திசைகாட்டி, நடுவில் உலகப்படம், எந்தக் கரைக்கு எந்த வருடம் போனார்கள் என்று அங்கங்கே எண்கள். அந்தத் தரையைப் பரிசாகக் கொடுத்தது அன்றைய தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு. யார் யாருக்கு நண்பர்கள் என்று பாருங்கள்.

குடையோடு கேரளக் கரைமேல் போய் நின்றேன். 1498. பக்கத்தில் ஒரு பிரேசில் குடும்பம் தங்கள் பையனை 1500-இன் மேல் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவன் ஈரத்தில் வழுக்கி அட்லாண்டிக்கில் உட்கார்ந்துவிட்டான். அம்மா சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டு, எங்களிடம் போனைக் கொடுத்து எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

அப்புறம் ஜெரோனிமோஸ் மடாலயம். ஆப்பிரிக்கா, ஆசியா வியாபாரத்தின்மேல் போட்ட ஐந்து சதவீத வரியில் எழும்பிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-இல் கொச்சியில் செத்தவரை அங்கிருந்து எடுத்துவந்து, இன்னொரு ஊரில் வைத்திருந்து, 1880-இல் இங்கே சேர்த்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து திறக்கும்வரை வரிசையில் நனைந்தோம், யாரும் முண்டவில்லை.

1837-லிருந்து நடக்கும் கஸ்டர்ட் டார்ட் கடையில் ஒன்று ஒன்றரை யூரோ அளவில். சூடாக வந்தது, மேலே உள்ள கருகல்தான் அதன் ருசியே. மேசையில் இலவங்கப்பட்டைத் தூள் ஒரு டப்பாவில் இலவசமாக வைத்திருக்கிறார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் தூவிக்கொள்ளலாம். இதற்காகத்தானே ஐயா ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள்.

மார்ச் 10, திங்கள். லிஸ்பன்

திங்கட்கிழமை என்பதால் பார்க்க நினைத்த இடமெல்லாம் பூட்டு. மோராரியா பக்கம் பெங்காலிக் கடைகள் நிறைந்த தெருவில் ஒரு மெஸ். சோறு, பருப்பு, ஒரு மீன் குழம்பு, ஏழு யூரோ. கடைக்காரர் எங்களைக் கேட்காமலே இரண்டாம் முறை சோறு வைத்தார், பில்லில் சேர்க்கவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்ட இடத்தில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் வைத்துவிட்டு அதற்குத் தனியாகக் காசு போட்டார்கள். அது இங்கத்து வழக்கமாம், வேண்டாம் என்றால் எடுத்துப் போகச் சொல்லலாமாம். மச்சான் இதைச் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னார்.

சாப்பிடும்போது மச்சான் கேட்டார்: "ஏன் மாப்ள, காமா இந்தியாவைக் கண்டுபிடிச்சாருங்கறாங்க. நாம என்ன ஒளிஞ்சா இருந்தோம்?"

இதில்தான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பியர்களின் சொந்தக் கணக்குப்படி பார்த்தாலும் நம் கரை 'தெரிந்த பூமி'தான். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து தாலமி எழுதிய புவியியல் நூலில் சுமார் எட்டாயிரம் இடப்பெயர்கள் இருக்கின்றன. அதில் முசிறி இருக்கிறது, கொற்கை 'கொல்கோய்' என்று இருக்கிறது, காவிரிப்பூம்பட்டினம் 'கபேரிஸ்' என்று இருக்கிறது, பாண்டியனின் ஊர் மதுரை இருக்கிறது. கனேரித் தீவுகளில் தொடங்கிக் கிழக்கே 180 பாகை வரை மனிதர் வாழும் உலகம் என்று அவர் கோடு போட்டார். அதற்கு அப்பால் தெரியாத நிலம். இந்தியப் பெருங்கடலைக்கூடத் தெற்கே நிலம் அடைத்த ஏரி மாதிரிதான் நினைத்தார். அந்த நூல் மேற்கு ஐரோப்பாவின் கையில் பல நூற்றாண்டு இல்லாமல் இருந்து, 1400-களின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸில் லத்தீனில் வந்தது. வந்ததும் அதுவே அளவுகோல் ஆகிவிட்டது. அதில் இருப்பது பழையது, இல்லாதது புதியது. அங்கே வாழ்கிறவன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்பது கணக்கிலேயே இல்லை.

காமா கண்டது வழியைத்தான். கோழிக்கோட்டுக் கரையில் முதலில் இறக்கிவிட்ட ஆளை, அவன் ஒரு தண்டனைக் கைதி, ஏதாவது ஆனால் போகட்டும் என்று அனுப்பியது, இரண்டு துனிசியா வியாபாரிகளிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் அவனிடம் அவனுக்குப் புரிகிற ஸ்பானியப் பேச்சிலேயே "உன்னை எந்தப் பிசாசு இங்கே கொண்டுவந்தது?" என்று கேட்டார்கள். கூட வந்த ஒருவர் எழுதிய பயணக் குறிப்பிலேயே இது இருக்கிறது. பத்து மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து புது உலகத்தில் இறங்கினால், அங்கே ஒருவன் உங்கள் பாஷையில் வைகிறான். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்குக் கொண்டுபோன பரிசு துணி, தொப்பி, கை கழுவும் பாத்திரம், தேன், எண்ணெய். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான் என்று அரண்மனை ஆட்கள் சிரித்தார்கள்.

மச்சான் அந்தத் துனிசியாக்காரர் கதையைப் பெங்காலிக் கடைக்காரருக்கு இந்தியில் சொல்லிவிட்டு வந்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 11, செவ்வாய். லாகோஸ்

போர்ச்சுகலின் தெற்குக் கரைக்கு வந்ததும் மழை கொஞ்சம் இடைவெளி விட்டது. ஆரஞ்சு மரங்கள், வெள்ளைச் சுவர்கள், ஆங்கிலேய ஓய்வூதியக்காரர்கள். அழகான ஊர்தான். ஆனால் நடுச் சதுக்கத்தில் ஒரு மூலையில் இருக்கும் 'அடிமைச் சந்தை' என்ற சின்ன அருங்காட்சியகத்தில் நுழைந்து வந்த பிறகு அந்த அழகை அதே மாதிரி பார்க்க முடியவில்லை.

1444 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த 235 பேரை இந்த ஊர்க் கரையில் இறக்கிப் பங்கு போட்டார்கள். இளவரசர் ஹென்றி குதிரைமேல் உட்கார்ந்து பார்த்தார், ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. எழுதிவைத்தவர் அரசவை வரலாற்றாசிரியர் சுராரா. ஹென்றியைப் புகழ எழுதிய புத்தகத்திலேயே, தாயையும் பிள்ளையையும் பிரித்தபோது எழுந்த அழுகையைப் பற்றி எழுதிவிட்டு, தனக்கும் கண்ணீர் வந்ததாகச் சொல்கிறார். அதே மூச்சில், ஆனால் அவர்களின் ஆன்மாவுக்கு நல்லது என்றும் சொல்கிறார்.

போர்ச்சுகீசியர் புதிதாக எட்டிய கரையில் பிடித்தவர்கள். கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே 'புதிய நிலம்' என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் முடிவாகிவிட்டது. பெலேமில் பார்த்த கற்சிலையின் முகம் நினைவுக்கு வந்தது. 2018-இல் லிஸ்பனில் 'கண்டுபிடிப்புகளின் அருங்காட்சியகம்' என்று ஒன்று கட்டலாம் என்ற பேச்சு வந்தபோது, அந்தப் பெயரை வைக்காதீர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே வந்து பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாது.

ராத்திரி சாப்பாடு கால்தோ வெர்தே, உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட சூப். காய்கறிதானே என்று நான்கு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு ஆர்டர் செய்தார் மச்சான், செவ்வாய்க்கிழமை கவுச்சி தொடமாட்டார். வந்த கிண்ணத்தின் நடுவில் ஒரு வட்டம் பன்றித் தொத்திறைச்சி மிதந்தது. பரிமாறிய பெண் அதை ஸ்பூனால் எடுத்துவிட்டு, இப்போது காய்கறி சூப் ஆகிவிட்டது என்கிற மாதிரி முகத்தைப் பார்த்தார். பாவம், மச்சான் ரொட்டி தின்றார்.

மார்ச் 12, புதன். சாக்ரெஸ்

காற்று என்றால் இதுதான் காற்று. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் குடை மேல்நோக்கித் திரும்பி, கம்பிகள் மட்டும் என் கையில் நின்றன. ஊருக்குள் புதுக்குடை பன்னிரண்டு யூரோ, அதையும் இங்கே பிரிக்காதீர்கள் என்று விற்றவரே சொல்லித்தான் கொடுத்தார்.

ஹென்றி இங்கே மாலுமிப் பள்ளிக்கூடம் நடத்தினார் என்று படித்துத்தான் வளர்ந்தோம். அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. கோட்டைக்குள் கூழாங்கல் பதித்த பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது, 43 மீட்டர் குறுக்களவு, 1921-இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. திசைகாட்டியா, சூரியக் கடிகாரமா என்று இன்னும் தகராறு. பார்க்கிற எல்லோரும் அவரவர் நினைத்ததைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாவ் விசென்தே முனைக்குக் கட்டாயம் போக வேண்டும். ரோமானியர் காலத்தில் இதுதான் 'புனித முனை'. மனிதர் வாழும் உலகத்தின் மேற்குக் கடைசி இதுவே என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். ஐரோப்பிய நிலப்பரப்பின் உண்மையான மேற்குக் கடைசி லிஸ்பனுக்குப் பக்கத்தில் ரோக்கா முனையில் இருக்கிறது, அது வேறு. இங்கே சூரியன் விழும்போது பெரிதாகத் தெரியும், கடலில் அது அணையும்போது சுர்ரென்று சத்தம் கேட்கும் என்று அந்தக் காலத்து ஜனங்கள் நம்பினார்களாம். அதெல்லாம் பொய் என்று மறுத்த ஒருவரின் பேச்சையும் ஸ்ட்ராபோவே எடுத்துச் சொல்கிறார். நாங்கள் நின்ற சாயங்காலம் சூரியனே தெரியவில்லை, மேகம்தான். எழுபது மீட்டருக்குக் கீழே பாறையில் அலை மோதும் சத்தம் மட்டும் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது.

கலங்கரை விளக்குக்கு வெளியே ஒரு ஜெர்மன் சாஸேஜ் வண்டி. 'அமெரிக்காவுக்கு முன் கடைசி சாஸேஜ்' என்று போர்டு. உலகத்தின் விளிம்பை எவ்வளவு லேசாக விற்றுவிட்டார்கள் என்று சிரிப்பு வந்தது. புதன்கிழமை ஆகிவிட்டதால் மச்சான் இரண்டு சாப்பிட்டார்.

மார்ச் 13, வியாழன். எல்லை தாண்டி

செவில்லா போகும் பஸ் காலையில் வர வேண்டியது ஒன்றேமுக்கால் மணிநேரம் கழித்து வந்தது. பஸ் கம்பெனியிலிருந்து ஒரு செய்தியும் கிடையாது. நிறுத்தத்தில் கூரையும் கிடையாது. ஒரு ஸ்பானியப் பாட்டி தன் பையிலிருந்த பிளாஸ்டிக் தாளை விரித்து எங்கள் பெட்டிகளையும் சேர்த்து மூடினார். பதிலுக்கு மச்சான் முறுக்கு நீட்டினார். பாட்டி கடித்துப் பார்த்து, கல் மாதிரி இருக்கிறது என்று கையால் காட்டி, இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

குவாதியானா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் போன் கடிகாரம் ஒரு மணிநேரம் முன்னால் குதித்தது. இந்த ஆற்றின்மேல் ஒரு கதை உண்டு. உலகத்தைக் கோடு போட்டு ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1494-இலேயே பங்கு பிரித்திருந்தன, அந்தக் கோட்டின் கதை பின்னால் வருகிறது. 1524-இல் மொலுக்கா தீவுகள், அதாவது கிராம்பு விளையும் தீவுகள், யார் பக்கம் என்று முடிவு செய்ய இரண்டு நாட்டு நிபுணர்களும் இதே ஆற்றின் மேல்பக்கம் படாஹோஸ், எல்வாஸ் ஊர்களில் கூடினார்கள். ஆற்றங்கரையில் துணி காவல் காத்துக்கொண்டிருந்த ஒரு பையன், ஸ்பெயின் சக்கரவர்த்தியோடு சேர்ந்து உலகத்தைப் பங்கு போடுகிறவர்கள் நீங்கள்தானா என்று போர்ச்சுகீசியரைக் கேட்டான். ஆமாம் என்றதும் சட்டையைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டி, உங்கள் எல்லைக்கோட்டை இதன் நடுவில் போடுங்கள் என்றானாம். ஊர் முழுக்கச் சிரித்ததாக ஒரு ஸ்பானிய வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். கூட்டத்தில் எந்த முடிவும் எட்டவில்லை. தீர்க்கரேகையைக் கடலில் அளக்கிற வழியே அப்போது யாரிடமும் இல்லையே. ஐந்து வருடம் கழித்து ஸ்பெயின் 3,50,000 டுகாட் பொற்காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தது. இன்றைய கணக்கில் அந்தத் தீவுகள் எப்படியும் போர்ச்சுகல் பக்கம்தான் விழுந்திருந்தன.

செவில்லாவில் மாலை ஆறு மணிக்குப் பசி உயிர் போயிற்று. எட்டரைக்கு முன் ஒரு அடுப்பும் எரியாது என்று மூன்று கடைகளில் அன்பாகச் சொன்னார்கள்.

மார்ச் 14, வெள்ளி. செவில்லா

குவாதல்கிவிர் ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. பாலத்தில் நின்று ஊர்க்காரர்களே போன் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள்.

'இந்தியாக்களின் ஆவணக் காப்பகம்' இலவசம். 1785-இல் தொடங்கியது, அதற்கு முன் வணிகர் மன்றமாக இருந்த கட்டடம். நாற்பதாயிரத்துக்கும் மேல் ஆவணக் கட்டுகள். அந்த 'இந்தியாக்கள்' நம் நாடு இல்லை, அமெரிக்கா. மச்சானுக்கு இது புரிய வாசலிலேயே கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப நம்ம பேர்ல அவங்க ஆபீஸ் நடத்தியிருக்காங்க" என்றார். சரிதான்.

காட்சிக்கு வைத்திருப்பது பெரும்பாலும் நகல்கள். பரவாயில்லை. நான் இங்கே வந்ததே வேறு ஒன்றை நினைத்துக்கொண்டு. 1503-இல் இதே ஊரில் ஸ்பெயின் ஒரு வணிக அலுவலகம் தொடங்கியது. போய்த் திரும்பும் ஒவ்வொரு மாலுமியும் பார்த்த கரையை அங்கே வந்து சொல்ல வேண்டும், அதை ஒரே ஒரு தலைமைப் படத்தில் ஏற்றுவார்கள், அந்தப் படத்திலிருந்துதான் மற்றவர்களுக்கு நகல். 1508-இல் முதல் தலைமை மாலுமியாக இருந்தவர் அமெரிகோ வெஸ்புச்சி, அமெரிக்கா என்ற பெயரே இவர் பெயரிலிருந்து வந்ததுதான். கரீபியன் தீவுக்காரன் காலங்காலமாக மீன் பிடித்த விரிகுடா, இந்த அலுவலகத்தில் ஒருவர் மை தொட்டு வரைந்த நாளில் 'கண்டுபிடிக்கப்பட்டது'. நம் ஊரில் நிலத்தில் பத்துத் தலைமுறை குடியிருந்தாலும் பட்டா ஏறினால்தான் உங்களுடையது என்கிறார்களே, அதேதான்.

மத்தியானம் ஒரு புத்தகக்கடையில் ஜெர்மன் வரைபடக்காரர் வால்ட்சேமுல்லரின் 1507 உலகப்படத்தின் நகல் மாட்டியிருந்தது. 'அமெரிக்கா' என்ற பெயர் முதலில் ஏறிய படம். பன்னிரண்டு தாள். மேலே இரண்டு ஆட்களின் உருவம்: ஒருவர் தாலமி, கூடவே அவருடைய பழைய உலகம், இன்னொருவர் வெஸ்புச்சி, கூடவே புதிய உலகம். இருவரும் பூமியைப் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பியாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அதே வால்ட்சேமுல்லர் 1513-இல் வெளிவந்த தாலமி பதிப்பில் தாலமியின் 27 படங்களை ஒரு பகுதியாகவும், புதிய படங்கள் இருபதை இன்னொரு பகுதியாகவும் வைத்தார். அதில் நம் நாடு இரண்டு தடவை வருகிறது: ஒன்று தாலமியின் தட்டையான பழைய இந்தியா, இன்னொன்று போர்ச்சுகீசியர் பார்த்து வரைந்த முக்கோண இந்தியா. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா என்ற பெயரை அவரே எடுத்துவிட்டு அங்கே 'தெரியாத நிலம்' என்று போட்டு, கண்டவர் கொலம்பஸ் என்று எழுதினார். ஆனால் முந்தைய படம் ஊரெல்லாம் போயாகிவிட்டது. யார் திரும்ப வாங்குவது?

கதீட்ரலில் கொலம்பஸின் பெட்டியை நான்கு ராஜாக்கள் சுமக்கிறார்கள். கூட்டம். எனக்குப் பிடித்தது ஆற்றுக்கு அந்தப்பக்கம், திரியானாவில், ஒரு தெருமுனையில் நிற்கும் ரொத்ரிகோ தெ திரியானா சிலை. பாய்மரத்தின் மேலிருந்து 'நிலம்!' என்று முதலில் கத்தியவன். முதலில் பார்ப்பவனுக்கு வருடம் பத்தாயிரம் மராவெதி பரிசு என்று அறிவித்திருந்தார்கள். முந்தின ராத்திரியே வெளிச்சம் பார்த்துவிட்டேன் என்று சொல்லி கொலம்பஸ் அதை வாங்கிக்கொண்டார்.

கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுக் கடைந்த ஒரு தட்டு, நான்கு யூரோ. நம் வீட்டுக் கூட்டுக்கு ரொம்பப் பக்கம். மூன்று தட்டு காலி.

மார்ச் 18, செவ்வாய். தோர்தெசில்லாஸ்

மச்சான் லிஸ்பன் திரும்பிவிட்டார், லீவு முடிந்தது. நான் தனியாக வடக்கே. வல்லதோலித் நகரத்திலிருந்து அரைமணி பஸ். 1506 மே 20 அன்று கொலம்பஸ் செத்தது அந்த வல்லதோலித்தில்தான். போய்ச் சேர்ந்தது ஆசியா என்றே கடைசிவரை பிடிவாதமாக இருந்தார், மறு வருடமே மேலே சொன்ன படம் வந்துவிட்டது.

மேட்டுச் சமவெளி, குளிர் காதைக் கடிக்கிறது. கீழே துவேரோ ஆறு, ஒரு பழைய கல்பாலம், மேலே 'ஒப்பந்த வீடுகள்' என்று இரண்டு மாளிகைகளைச் சேர்த்து அருங்காட்சியகம். 1494 ஜூன் 7. கேப் வெர்தே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தூரத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்குக் கோடு. கிழக்கு போர்ச்சுகலுக்கு, மேற்கு ஸ்பெயினுக்கு, இதுவரை கண்டதும் இனிமேல் காணப்போவதும் சேர்த்து. எந்தத் தீவிலிருந்து அளப்பது என்றுகூட எழுதவில்லை, ஒரு லீக் எவ்வளவு நீளம் என்றும் இல்லை. பத்து மாதத்துக்குள் இரண்டு பக்கமும் கப்பல் அனுப்பி அளந்துவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, யாரும் போகவில்லை. இவ்வளவு அரைகுறையான ஒரு பத்திரத்தால்தான் இன்றைக்குப் பிரேசிலில் போர்ச்சுகீசும் பக்கத்து நாட்டில் ஸ்பானியமும் பேசுகிறார்கள்.

உள்ளே என்னைத் தவிர ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். காவலர் நான் எந்த ஊர் என்று கேட்டார், இந்தியா என்றதும் சுவரில் இருந்த பெரிய படத்தில் கோட்டுக்குக் கிழக்கே விரலை வைத்து, "போர்ச்சுகல்" என்று வருத்தப்படுகிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

சதுக்கத்துக் கடையில் மதியச் சாப்பாடு பதினான்கு யூரோ: பூண்டு சூப், ஒரு மீன், தயிர், ரொட்டி. சூப் இந்தக் குளிருக்கு மருந்து. பக்கத்து மேசைப் பெரியவர் எதற்காக இவ்வளவு தூரம் என்று விசாரித்தார். ஒப்பந்தம் என்றேன். அதற்காக வருகிறவர்கள் குறைவு, வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் காளைதான் தெரியும் என்றார். செப்டம்பரில் காளையை ஆற்றுக்கு அப்பால் விரட்டிப்போய் ஈட்டியால் கொல்லும் திருவிழா, பல வருட எதிர்ப்புக்குப் பிறகு 2016-இல் ஜனங்கள் முன்னால் கொல்லக் கூடாது என்று மாகாண அரசு சட்டம் போட்டுவிட்டது. எங்கள் ஊரிலும் காளைக்காகப் பெரிய சண்டை நடந்தது, ஆனால் நாங்கள் கொல்வதில்லை என்று போனில் ஜல்லிக்கட்டு வீடியோ காட்டினேன். இரண்டு தடவை திரும்பப் போடச் சொன்னார். அப்புறம் கடைக்காரரையும் கூப்பிட்டார், சமையல்காரரும் வந்தார். திமிலைத்தான் பிடிக்க வேண்டும், கொம்பைத் தொடக்கூடாது என்று கையால் நடித்துக் காட்டிக்கொண்டிருந்ததில் மூன்றரை மணி பஸ் போய்விட்டது. அடுத்தது ஐந்தேகாலுக்கு. இன்னொரு பூண்டு சூப் சொன்னேன், அதற்குக் காசு வாங்கவில்லை.